படியெடுத்த கல்

கொள்ளிடத்துக்கு வடக்கே – 12

வாலிகண்டபுரத்தைச் சென்ற வாரம் ஷேர்கான் லோடியின் கையில் விட்டு நிறுத்தியிருந்தோம். பீஜப்பூர் சுல்தானின் ஆளாக இந்த ஊரில் அமர்ந்து சீமையை ஆண்டவர். 1673இல் புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கடை விரிக்க இடம் கொடுத்தவரும் அவர்தான். நான்கே ஆண்டில், 1677இல், சிவாஜியின் படை தெற்கே இறங்கியது. திருவதிகைப் பக்கம் எதிர்த்து நின்ற ஷேர்கான் தோற்றார். வாலிகண்டபுரமும் கைமாறியது.

கைமாறுவது இந்த ஊருக்குப் பழக்கம். சோழர் போய்ப் பாண்டியர், விஜயநகரத்தார், பீஜப்பூர்க்காரர், மராட்டியர், மொகலாயர், ஆர்க்காட்டு நவாப், கடைசியில் கும்பினி என்று வரிசையாக வந்தார்கள், வரி வாங்கினார்கள், போனார்கள். இத்தனை பேர் வந்துபோன நெடுஞ்சாலையோரத்தில், வாலி வந்து பூசித்ததாக ஊர் சொல்லும், அருணகிரிநாதர் வந்து பாடிய வாலீஸ்வரர் கோயில் சுவரில், சோழர் காலத்தில் உளி கொத்திய எழுத்து இன்னமும் இருக்கிறது.

ஒரு கல்லெழுத்து இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடிக்க என்ன வேண்டும்? கெட்டியான கல்லும் கைதேர்ந்த தச்சனும் என்பது பாதி விடைதான். மீதியைத் தேடி இந்த வாரம் சற்றுத் தூரம் போகப் போகிறோம். பூமிப்பந்தின் மறுபக்கம், மத்திய அமெரிக்காவில் மாயா மக்கள் விட்டுச்சென்ற செதுக்குத் தூண்கள் நிற்கும் காட்டுக்கு. அங்கிருந்து அரியலூர் மாவட்டத்துக்கு வருவோம். போகும் பாதை சுற்று என்றாலும் முடிகிற இடம் நம் ஊர்தான்.

ஐம்பது டாலருக்கு ஒரு நகரம்

1839 நவம்பர். ஹொண்டுராஸ் நாட்டின் மேற்கு எல்லையில் கோப்பான் என்ற சிற்றூர். ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞரும் பிரெடெரிக் கேதர்வுட் என்ற ஆங்கிலேய ஓவியரும் கோவேறு கழுதைகளில் வந்து இறங்கினார்கள். ஆற்றைக் கடந்து, வெட்டுக்கத்தியால் கொடிகளை அறுத்து வழி உண்டாக்கிக்கொண்டு போனவர்களுக்கு முன்னால் ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான ஒரு கல் நின்றது. முன்புறம் முழுக்க ஆடை அணிகலன்களோடு ஓர் ஆள். முதுகிலும் பக்கங்களிலும் கட்டம் கட்டமாக யாருக்கும் புரியாத எழுத்து. இன்னும் கொஞ்சம் வெட்டினால் இன்னொரு கல். அதற்கப்பால் மற்றொன்று. சில நின்றன, சில மரவேரில் சிக்கிச் சாய்ந்திருந்தன.

நிலத்துக்குச் சொந்தக்காரர் இவர்களைச் சந்தேகமாகப் பார்த்தார். ஸ்டீபன்ஸ் அமெரிக்க அரசின் தூதராகவும் அனுப்பப்பட்டிருந்தவர். பெட்டியிலிருந்து பித்தளைப் பொத்தான் வைத்த தூதர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பேரம் பேசினார். ஐம்பது டாலருக்கு அந்த இடிந்த நகரத்தை வாங்கிவிட்டார். கற்களைப் படகேற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோகும் எண்ணம்கூட அவருக்கு இருந்தது. அது நடக்கவில்லை. நடந்தது வேறு: கேதர்வுட் கொசுக்கடிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு, சேற்றில் நின்று அந்தக் கற்களை வரைந்தார். முதல் நாள் கை வரவில்லை. ஐரோப்பியக் கண்ணுக்குப் பழகாத வளைவுகள் அவை. உருவத்தைத் தாளில் விழச்செய்யும் கண்ணாடிக் கருவியை வைத்துக்கொண்டு, கோடு கோடாக அளந்து வரைந்தார். 1841இல் புத்தகமாக வந்தபோது மாயா நாகரிகம் உலகத்துக்குத் தெரியவந்தது.

இந்தக் கற்களைச் செதுக்கியவர்கள் எகிப்தியரோ வேற்றுத் தேசத்தவரோ அல்லர், இந்த மண்ணின் மக்களுடைய முன்னோர்களே என்று ஸ்டீபன்ஸ் எழுதினார். அந்த எழுத்தில் இருப்பது அந்த ஊரின் வரலாறுதான் என்றும் ஊகித்தார். அவர் ஊகம் மெய்யென்று நிரூபணமாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அங்கே நின்றது, இங்கே தொடங்கியது

மாயா அரசர்கள் ஒரு காலக்கட்டம் முடியும்போது கோயில் முன்னுள்ள முற்றத்தில் இப்படித் தூண் நாட்டுவது வழக்கம். அவர்கள் கணக்கில் 20 நாள் ஒரு மாதம், 360 நாள் ஓர் ஆண்டு, அப்படிப்பட்ட 20 ஆண்டு ஒரு பெருங்காலம். கி.மு. 3114இல் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்கி, நாள் தவறாமல் எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஆகவே ஒவ்வொரு தூணும் எந்த நாளில் நாட்டப்பட்டது என்று இன்றைக்கும் சொல்லிவிட முடிகிறது. குவாத்தமாலாவின் டிக்கல் நகரத்தில் கிடைத்த ஒரு தூண் கி.பி. 292ஐக் குறிக்கிறது. இந்த நெடுங்கணக்கில் எழுதிய கடைசிக் கல் மெக்சிகோவின் டோனினாவில் இருக்கிறது. அதன் ஆண்டு 909.

இந்த எண்ணை நம் பக்கத்து எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். முதலாம் பராந்தகன் சோழ அரியணையில் ஏறியது 907. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கீழையூரில் இரட்டைக் கோயில் கட்டிய பழுவேட்டரையர் குடும்பத்தில் பெண்ணெடுத்தவன். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்று அவன் பேர் சொல்லும் கல்வெட்டுகள் காவிரிக்கு இருகரையிலும் பெருகத் தொடங்கிய காலம் அது. மாயா நாட்டுத் தென்காடுகளில் உளிச்சத்தம் ஓய்ந்த அதே தலைமுறையில், கொள்ளிடக் கரையில் உளிச்சத்தம் வலுத்தது. இரண்டு பக்கத்தாருக்கும் மற்றவர் இருப்பதே தெரியாது.

வறட்சியும் ஓயாத போரும் அரசர்கள்மேல் மக்களுக்கு விட்டுப்போன நம்பிக்கையும் சேர்ந்து மாயா நகரங்களைக் காலிசெய்தன என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஜனம் முழுக்க அழிந்துவிடவில்லை. மாயா மொழிகள் பேசுவோர் இன்றும் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் தூண் நாட்டும் அரசன் போனதும் தூணுக்கு வேலை போயிற்று. ஸ்பானியர் வந்து சுவடிகளை எரித்த பிறகு எழுத்தறிந்தவரும் போனார்கள்.

அரசனுக்கு ஒரு கல், ஆநிரை மீட்டவனுக்கு ஒரு கல்

மாயா தூணில் நிற்பவன் அரசன். கோப்பானில் மிக அழகான தூண்களை நாட்டிய பதின்மூன்றாம் அரசனின் கதை இப்போது நமக்குத் தெரியும். அவனுக்குக் கீழ்ப்பட்டிருந்த கிரிகுவா என்ற சிறிய ஊரின் தலைவன் 738இல் அவனைப் பிடித்துத் தலையை வெட்டினான். வெட்டியவன் பிறகு தன் ஊரில் கல் மேல் கல்லாக நாட்டினான். 771இல் அவன் நிறுத்திய ஒரு தூணின் உயரம் 10 மீட்டருக்கு மேல். மாயா நாட்டுத் தூண்களில் அதைவிடப் பெரியது இல்லை. சின்ன ஊர்க்காரனுக்குப் பெரிய கல் தேவைப்பட்டது போலும்.

தமிழ்நாட்டில் உருவமும் எழுத்துமாக நிற்கும் தனிக்கல் என்றால் அது நடுகல். அதில் நிற்பவன் பெரும்பாலும் அரசன் அல்லன். மாடு மீட்கப் போய் அம்பு பட்டு விழுந்த ஊர்க்காரன். கல்லைத் தேர்வதிலிருந்து நீராட்டி நட்டு வாழ்த்துவது வரைக்கும் படிப்படியாகத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிற சடங்கு அது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே வெளியிட்டது. பல்லவ மன்னனின் ஆட்சியாண்டு முதல் வரியில் வரும். ஆனால் படத்தில் வில்லோடு நிற்பவன் பெயர்தான் செய்தி.

நம் அரசர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். கோயில் அதிட்டானத்தில், ஓடும் வரியாக, முதலில் மெய்க்கீர்த்தி, பிறகு ஆட்சியாண்டு, அதன்பின் ஊர்க்காரியம். விளக்கெரிக்க விட்ட ஆடுகள், நிலத்தின் நான்கெல்லை, வரி நீக்கம், சபை எடுத்த முடிவு, சாட்சிக் கையெழுத்து. ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. அவை சாவதில்லை, மூப்பதும் இல்லை என்று கல்வெட்டு சொல்லும். அதாவது மந்தையை ஏற்றுக்கொண்டவர் எண்ணிக்கை குறையாமல் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். அரசன் பெருமை முதல் பத்தியோடு முடிந்துவிடும். மீதி ஊர் எழுதியது.

மாயா தூணுக்கு மிக அருகில் வரும் ஒன்று நம் பகுதியில் உண்டென்றால், அது கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கிறது. கோயிலின் வடக்குப் படிக்கட்டருகே சண்டேசுவரருக்குச் சிவபெருமான் தன் கையால் தலையில் மாலை சுற்றும் சிற்பம். குனிந்து அமர்ந்திருக்கும் அந்த அடியவனில் ராசேந்திர சோழனைப் பார்க்கிறவர்கள் பலர். தெய்வம் அரசனுக்கு முடி சூட்டுகிறது என்பதுதான் கோப்பான் தூண்கள் சொல்லும் செய்தியும். ஆனால் ராசேந்திரன் தன் வெற்றிக்கு நாட்டிய தூண் கல்லால் ஆனதன்று. கங்கை வெற்றிக்குப் பின் அவன் வெட்டுவித்த சோழகங்கம் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. இன்று பொன்னேரி என்ற பெயரில் இருக்கும் ஏரி அது. எதிரி நாட்டானும் குடிக்கலாம், எந்தப் படையாலும் சாய்க்க முடியாது.

மூன்று வருட இடைவெளி

ஏறத்தாழ 1025 முதல் 1279 வரை, இரண்டரை நூற்றாண்டு சோழத் தலைநகராக இருந்த ஊர் கங்கைகொண்ட சோழபுரம். அரசு போனபின் அரண்மனை மண்மேடானது. மாளிகைமேட்டில் 1980களில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் அடித்தளமும் கூரை ஓடும் சீனப் பீங்கான் உடைசலும் வந்தன. கோயிலைச் சுற்றி உடையார்பாளையம் ஜமீன் காடு வளர்ந்தது. அரியலூர், உடையார்பாளையம் காடுகளைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர்கள் தயங்கிய செய்தி கும்பினியாரின் போர் வரலாறுகளில் வருகிறது. அந்தக் காட்டுக்குள் 55 மீட்டர் உயர விமானம் தனியே நின்றது. வெளி மதிலும் கோபுரமும் கூடவே நின்றன.

1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். அணைக்குக் கல் வேண்டும். மலையை உடைக்கச் செலவாகும். பக்கத்திலேயே, செதுக்கித் தயாராக, கேட்பாரற்ற கல் காட்டுக்குள் கிடந்தது. மதிலை இடித்தார்கள். கோபுரத்தை இடித்தார்கள். ஊர்க்காரர்கள் தங்களால் ஆன மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. அது நிறைவேறவில்லை.

காட்டன்மேல் கோபப்பட்டு இதை முடித்துவிட முடியாது. அந்த அணையால் கீழ்ப்பகுதிக்கு வந்த நீர் இன்னும் வயலில் பாய்கிறது. டெல்டா விவசாயிக்கு அவர் தெய்வம் மாதிரி. கவனிக்க வேண்டியது வேறொன்று. 1836இல் இங்கே மதிலை இடித்தவர்களில் ஒருவரும் அந்தக் கற்களில் எழுத்து இருந்ததா என்று பார்த்து வைக்கவில்லை. மூன்றே வருடம் கழித்து கோப்பான் சேற்றில் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவையும் வரைந்துகொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் காடு கல்லை நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தீர்மானித்தது அங்கே வந்து சேர்ந்த ஆள்.

ராசேந்திரன் கட்டிய கோயிலில் ராசேந்திரனின் கல்வெட்டே கிடைக்கவில்லை. பின்வந்த வீரராசேந்திரனின் நீண்ட கல்வெட்டுத்தான் அங்கே பேசுகிறது. கொள்ளிடத்து நீருக்கடியில் இருக்கும் கற்களில் ஏதேனும் எழுதியிருந்ததா என்ற கேள்வியை இனி எவரும் கேட்டுப் பயனில்லை.

ஈரத்தாள்

1880களில் இரண்டு கண்டங்களிலும் ஒரே சமயத்தில் ஒரே வேலை தொடங்கியது. ஆல்ஃபிரெட் மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர் 1881இல் கிரிகுவா தூண்களைப் பார்த்தார். மறுபடி வரும்போது சாந்து அச்சு எடுப்பதில் தேர்ந்த ஒரு கைவினைஞரையும் காகிதக் கட்டுகளையும் கூட்டி வந்தார். தூணைப் பாசி போகத் துடைத்து, நனைத்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி அடித்து, காய்ந்ததும் உரித்து எடுத்தார். அந்த அச்சில் வார்த்த நகல்கள் லண்டனில் இருக்கின்றன. மழையிலும் வெயிலிலும் மூலக்கல் தேய்ந்துபோன இடங்களைப் படிக்க இன்று அந்த நகல்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

1886இல் சென்னை அரசு ஒரு ஜெர்மானியரைக் கல்வெட்டு அதிகாரியாக அமர்த்தியது. பெயர் ஹூல்ச். அவருக்குத் துணை வெங்கையா. இவர்களும் ஊர் ஊராக வண்டி கட்டிப் போனார்கள். சுவரைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுத்தார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் வரும். இதற்குப் பெயர் மைப்படி. 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி அச்சானது. அன்றிலிருந்து எடுத்த படிகள் உதகமண்டலத்திலும் பிறகு மைசூரிலும் பத்திரமாக இருந்தன. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது.

இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் வந்த சிக்கல் நேர் எதிரானது. மாயா கல்லைப் பார்த்தவர்களுக்கு நாள் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. எண்களைப் படித்துவிட்டார்கள், எழுத்தைப் படிக்க முடியவில்லை. அதனால் இவை வானநூல் கணக்கு எழுதிய பூசாரிகளின் கற்கள், இதில் மனிதக் கதையே கிடையாது என்று பெரிய அறிஞர்களே ஐம்பது வருடம் சாதித்தார்கள். 1952இல் ரஷ்யாவில் யூரி நோரசோவ் அந்த எழுத்துக்கு ஒலி உண்டு என்று காட்டினார். 1960இல் தத்தியானா ப்ரோஸ்கூரியாகோவா, பியத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரின் தூண்களில் உள்ள நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். எந்த வரிசையும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கியது. பிறந்த நாள், முடிசூடிய நாள் என்று புரிந்தது. பூசாரிகள் மறைந்து அரசர்களும் அரசிகளும் வெளியே வந்தார்கள்.

நமக்கோ ஆள் தெரிந்தது, நாள் தெரியவில்லை. தமிழ் எங்கும் போய்விடவில்லை. எழுத்து வடிவம் மாறியிருந்தாலும் பழகினால் படித்துவிடலாம். ஆனால் ‘கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு நாலாவது’ என்றால் எந்தப் பரகேசரி? சோழர்கள் ஒருவர்விட்டு ஒருவர் அதே பட்டத்தைச் சூடிக்கொண்டார்கள். தொடர் ஆண்டுக்கணக்கு அரிதாகத்தான் வரும். கல்வெட்டில் கிழமையும் திதியும் நட்சத்திரமும் கூடியிருந்தால் மட்டும் வானியலைக் கொண்டு நாளைப் பிடிக்கலாம். அந்தக் கணக்கைப் போட்டுத் தந்தவர்களில் முதல்வரிசையில் நிற்பவர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. 1922இல் அவர் வெளியிட்ட இந்திய நாட்காட்டித் தொகுதிகள் சோழர் காலவரிசையைச் சரிபார்க்கப் பெரிதும் உதவின.

அறுத்த கல், பெயர்த்த சிலை

1960களில் காட்டுக் கற்களுக்கு விலை வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அருங்காட்சியகங்களும் பணக்காரர்களும் மாயா சிற்பம் கேட்டார்கள். பல டன் எடையுள்ள தூணைத் தூக்க முடியாதே என்று திருடர்கள் சும்மா இருக்கவில்லை. ரம்பம் போட்டு முகப்பை மட்டும் பலகை போல் அறுத்தார்கள். முடியாத இடத்தில் தீ மூட்டி உடைத்தார்கள். ஆயிரம் வருடம் ஆலமர வேரைப் போன்ற வேர்கள் செய்யாத சேதத்தைப் பத்து வருடத்தில் ரம்பம் செய்தது. கற்களைப் பதிவுசெய்யக் காட்டுக்குள் போன இயன் கிரஹாமின் வழிகாட்டி ஒருவர் 1971இல் திருடர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த கிரஹாம்தான் மச்சாகிலா என்ற ஊரின் இரண்டாம் தூணைத் திருட்டுக்குச் சில வருடம் முன்பே படமெடுத்து வரைந்து வெளியிட்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில் அந்தத் தூண் துண்டு துண்டாக அமெரிக்காவில் விலைக்கு வந்தது. வரைபடத்தை வைத்துப் பார்த்ததும் குட்டு உடைந்தது. விற்க முயன்றவர்களுக்குத் தண்டனை. 1974இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. தூண் குவாத்தமாலாவுக்குத் திரும்பியது. படம் இல்லாத தூண்கள் எத்தனையோ திரும்பவே இல்லை.

1972இல் அமெரிக்கா மாயா சிற்பங்களின் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் போட்டது. அதே 1972இல் இந்தியா தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் இருந்தால் திருட்டு நிற்குமா என்பதற்கு அரியலூர் மாவட்டம் பதில் சொன்னது.

ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் வழிபாடு நின்று நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. உள்ளே சோழர் காலச் செப்புத் திருமேனிகள். பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துப்போக அதிகாரிகள் வந்தபோது ஊர்க்காரர்கள் தம் சாமியை விட மனமில்லாமல் தடுத்தார்கள். 2008இல் திறந்து பார்த்தால் எட்டுத் திருமேனிகள் இல்லை. இரண்டு வருடம் முன்பே போயிருந்தன. அங்கிருந்த நடராசர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக, சுமார் 50 லட்சம் டாலருக்கு, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்றார். 1972 சட்டத்துக்கு முன்பே இந்தியாவைவிட்டு வந்தவர் என்று காட்ட அவருக்குக் காகிதங்களும் தயாராக இருந்தன.

அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒரு புகைப்படம். கோயில் கோயிலாகப் போய் அந்த நிறுவனம் எடுத்து வைத்திருக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஒன்று. ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் அதே நடராசர், 1994இல். 1972க்கு முன் கடல் தாண்டியவர் 1994இல் ஸ்ரீபுரந்தானில் எப்படி நிற்பார்? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே தில்லிக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். அதே கோயிலின் உமாபரமேசுவரி சிங்கப்பூரிலிருந்து 2015இல் வந்தாள். சிலைக்கடத்தல் வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டுச் சிறை விதித்தது.

கேதர்வுட்டின் கோடு, மாட்ஸ்லேயின் அச்சு, ஹூல்ச் எடுத்த மைப்படி, கிரஹாமின் வரைபடம், புதுச்சேரிக்காரர்களின் புகைப்படம் எல்லாம் ஒரே வேலையைச் செய்தன. கல்லும் செம்பும் இருந்த இடத்துக்கு வெளியே ஒரு சாட்சியை உண்டாக்கின. காடும் பூட்டும் கைவிட்ட இடத்தில் அந்தச் சாட்சி நின்று பேசியது.

மறுபடியும் வாலிகண்டபுரம்

அப்படியானால் வாலீஸ்வரர் கோயில் போல வழிபாடு ஓயாத இடத்தில் கவலையில்லையா? விளக்கு எரிகிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது, திருடன் வரத் தயங்குவான். உண்மைதான். ஆனால் உயிரோடிருக்கும் கோயிலுக்கு வேறு ஆபத்து உண்டு. அதன் பெயர் திருப்பணி.

பக்தியோடுதான் செய்வார்கள். மண்டபத்தைப் பிரித்துக் கட்டும்போது எழுத்துள்ள கல் தலைகீழாக ஏறிவிடும். ஒரே கல்வெட்டின் முதல் பாதி தெற்குச் சுவரிலும் மறு பாதி மடைப்பள்ளிப் படியிலும் கிடக்கும். சுண்ணாம்பு அப்புவார்கள், பெயின்ட் பூசுவார்கள், அழுக்குப் போக மணலை வீசி அடிப்பார்கள். மணல் அழுக்கோடு எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். புதுத் தளம் உயர்ந்து அதிட்டானத்து வரிகள் தரைக்கடியில் போய்விடும். தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றி வருகிறவர்கள் இதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

இதுவும் நமக்கு மட்டும் வந்த வினையன்று. கோப்பானில் ஒரு படிக்கட்டு முழுக்க எழுத்து. 2,000க்கு மேற்பட்ட குறிகள். மாயா எழுத்தில் அதைவிட நீளமான கல்வெட்டு இல்லை. சரிந்து கிடந்த அந்தப் படிகளை 1930களில் நல்லெண்ணத்தோடு மறுபடி அடுக்கினார்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாத காலம். அடியிலிருந்த படிகளைத் தவிர மற்றவை வரிசை மாறிப் போயின. பிரிக்குமுன் ஒவ்வொரு கல்லும் கிடந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தால் பின்வந்தவர்களுக்கு வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

ஆகவே திருப்பணிக்குமுன் படியெடுப்பதைக் கும்பாபிஷேகப் பத்திரிகை அடிப்பதற்கு முந்தைய வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். தொல்லியல் துறைக்கு எழுதினால் ஆள் வருவார்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். காலையிலோ சாயங்காலத்திலோ வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானாக எழும்பி நிற்கும். குவாத்தமாலாக் காட்டில் இரவில் விளக்கைப் பக்கத்திலிருந்து பிடித்துப் படமெடுப்பதும் இந்த உபாயத்தால்தான். கையிலிருக்கும் செல்போன் போதும். முதலில் சுவர் முழுதும் ஒரு படம், பிறகு இடமிருந்து வலமாக ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வரிசைப் படங்கள். எந்தச் சுவர், எந்தத் திசை, எந்தத் தேதி என்ற குறிப்பு கட்டாயம். சாக்பீஸ் தடவுவது, எண்ணெய் பூசுவது, கம்பியால் சுரண்டுவது எதுவும் கூடாது.

பெரம்பலூர் வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மேட்டுக்காடுகளுக்கு நடுவே இன்னும் பல ஊர்களில் சிறிய கோயில்கள் இருக்கின்றன. அவற்றின் படம் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மதிலைக் காக்க 1836இல் நின்று போராடியவர்களிடம் கேமரா இல்லை. இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது.

*அடுத்த வாரம்: 1751 ஜூலை. கேப்டன் ஜிஞ்சென்ஸின் படை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு எதிரே முகாமிட்டிருக்கிறது. எதிரே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும். ஆங்கிலேயர் ஏன் சண்டையை விட்டு ஊட்டத்தூருக்கு ஓடினார்கள், அந்த ஓட்டத்தைக் கூடவே இருந்து பார்த்த இளைஞர் ராபர்ட் கிளைவ் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்?*